போட்டோவை எடுத்துடுங்க

சர்வரின் ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் படம் ஏறுவதுதான் முதலில் நிற்கும் என்று பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் முதலில் நிற்பது லாகின். உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் பிஎச்பி மொழியில் எழுதிய தளம் ஒரு சின்ன செஷன் கோப்பை எழுதிவைக்க வேண்டும். எழுத இடமில்லை என்றால் சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும் தளம் மறுபடி லாகின் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். ஈரோட்டுப் பக்கம் ஒரு திருமணத் தகவல் மையத்தின் இணையதளம் என் கைக்கு வந்தது அப்படி ஒரு நாளில்தான். "எல்லாருக்கும் ஒரே நாள்ல பாஸ்வேர்டு மறந்துபோச்சாட்ட இருக்குதுங்க தம்பி" என்று போன் செய்தார் மையத்தை நடத்திவந்த பெரியவர். உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் நூற்றுக்கு நூறு. பெரும்பகுதி வரன்களின் போட்டோ.

இடப் பிரச்சினை என்று தொடங்கிய வேலை, போகப்போக வேறு கேள்விகளுக்கு இழுத்துக்கொண்டு போனது. இந்தப் படம் யாருடையது, யார் பார்க்கலாம், எடுத்துவிடு என்று கேட்டால் உண்மையாகவே எடுக்க முடியுமா? ஜவுளிக் கடைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் படங்களை கிளவுடுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வரன் படங்களைத் தொட்டபோதுதான் அந்த வேலையின் முழுக் கனமும் தெரிந்தது.

தளம் எழுதப்பட்ட காலத்தில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பெற்றோர் மையத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கே ஸ்கேன் செய்து ஏற்றினால் ஒரு படம் 60, 70 கேபி இருக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் கணக்கு மாறியது. வீட்டிலிருந்தே போனில் எடுத்து ஏற்ற ஆரம்பித்தார்கள். படம் ஒவ்வொன்றும் 4 எம்பி, 5 எம்பி. ஏறிய படத்தைத் தளம் நான்காக வைத்துக்கொண்டது: மூலப்படம், பட்டியலுக்குச் சின்னது, விவரப் பக்கத்துக்கு நடுத்தரம், பெரிதாக்கிப் பார்க்க ஒன்று. போதாததற்கு ராத்திரி பேக்கப் ஓடி எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அதே டிஸ்க்கில் வைத்தது. டிஸ்க் போனால் பேக்கப்பும் கூடவே போகும் என்ற நிலை.

பலருக்கும் பொதுவான ஹோஸ்டிங்கில் இன்னொரு வரம்பும் உண்டு. எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை கோப்பு என்றும் எண்ணுவார்கள். ஐநோடு கணக்கு என்று பெயர். ஒரு படத்துக்கு நான்கு கோப்பு என்றால் ஜிபி மிச்சமிருக்கும்போதே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அதற்கும் சர்வர் 'இடமில்லை' என்ற பாட்டைத்தான் பாடும். பெரிய சர்வர் வாங்கினால் இரண்டும் தள்ளிப்போகுமே தவிரத் தீராது. நிரலையும் டேட்டாபேஸையும் சர்வரில் விட்டுவிட்டு, படங்களை மட்டும் அதற்கென்றே இருக்கும் சேவைக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அமேசான் தன் எஸ்3 சேவையை 2006 மார்ச் 14 அன்று திறந்தது. ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட் என்பது அன்றைய விலை. இன்று பல நிறுவனங்கள் இதே மாதிரிச் சேவை தருகின்றன. எஸ்3-இன் கட்டளைகளையே அவற்றில் பலவும் ஏற்றுக்கொள்வதால் ஒன்றுக்கு எழுதிய நிரல் சிறு மாற்றத்தோடு இன்னொன்றிலும் ஓடும். நம் ஊர்த் தளங்களுக்கு முக்கியமான மாதம் 2016 ஜூன். மும்பையில் அமேசானின் டேட்டா சென்டர் வட்டாரம் திறந்தது அப்போதுதான். அதுவரை நமக்குக் கிட்டே இருந்தது சிங்கப்பூர்.

கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குவது போன்றது இந்தச் சேவை. எந்த அடுக்கில் வைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. டோக்கனைக் காட்டினால் நம்முடையது வரும். பக்கெட் என்பது அந்தக் கொட்டகை, கீ என்பது டோக்கன். கீயில் சாய்கோடு போட்டு ஃபோல்டர் மாதிரி எழுதலாம். ஆனால் உள்ளே ஃபோல்டர் கிடையாது, சாய்கோடும் பெயரில் ஒரு எழுத்துதான். சாதாரண பக்கெட்டில் ஒரு 'ஃபோல்டரின்' பெயரை மாற்ற நினைத்தால் அதிலுள்ள ஒவ்வொரு படத்தையும் புதுப் பெயரில் நகலெடுத்து, பழையதை அழிக்க வேண்டும். ஆகவே ஒரு படத்தை அனுப்புவதற்கு முன்பே பெயர் விஷயத்தை முடித்துவிட வேண்டியிருந்தது. இந்த வேலையில் நான் அதிகம் நேரம் செலவிட்டது பெயரில்தான்.

பழைய தளம் இரண்டு விதமாகப் பெயர் வைத்திருந்தது. ஆரம்பகாலப் படங்களுக்குப் பதிவு எண்ணே பெயர்: 1001, 1002, 1003. லாகின் செய்தால்தான் விவரம் தெரியும் என்று பக்கத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். படத்துக்குப் பூட்டு இல்லை. ஒரு படத்தின் முகவரி தெரிந்த எவரும் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், மையத்தில் பதிந்த பெண்களின் முகம் வரிசையாக வரும். பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைத் திரையில் செய்து காட்டினேன். நாலைந்து படம் வந்திருக்கும். "போதுங்க தம்பி, நிறுத்துங்க" என்றார். அன்றைக்கே அந்த முகவரிகளை அடைத்த பிறகுதான் மற்ற வேலை தொடங்கியது.

பிந்தைய ஆண்டுகளில் ஏற்றுபவர் கொடுத்த கோப்புப் பெயரையே தளம் வைத்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு ஆண்ட்ராய்டு போனில் தேதியும் 'டபிள்யூஏ0007' மாதிரி ஒரு வரிசை எண்ணும் சேர்ந்து பெயர் அமையும். ஒரே நாளில் இரண்டு குடும்பங்கள் வாட்ஸ்அப் படத்தை ஏற்றினால் இரண்டுக்கும் ஒரே பெயர் வர வாய்ப்பு உண்டு. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கரூர்ப் பையனின் விவரத்தில் கோபிப் பையனின் முகம். ஜாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, நேரில் போய் இறங்கினால் வேறு ஆள். அப்படி மாறிக் கிடந்தவற்றைச் சரிசெய்ய, குடும்பங்களுக்கே போன் செய்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. மையத்தில் வேலை செய்த அக்கா ஒருவர் அதைப் பொறுமையாகச் செய்தார்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் தனி ரகம். 'பொண்ணு போட்டோ' என்று ஒரு கோப்பு. ஒகர ஓகாரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக ஒரே எண்ணில், அல்லது கொம்பும் காலும் தனித்தனி எண்களில். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. நடுவில் உள்ள இடைவெளியை விட்டுவிட்டால், முதல் விதத்தில் அந்தப் பெயர் 12 குறிகள், 36 பைட். இரண்டாவது விதத்தில் 15 குறிகள், 45 பைட். பழைய மேக் கம்ப்யூட்டர்கள் கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். எனக்கு முன்னால் தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றிய யாரோ படங்களை ஒரு மேக்கில் இறக்கி, அங்கிருந்து ஏற்றியிருக்கிறார்கள். டேட்டாபேஸில் சேர்ந்த எழுத்து, டிஸ்க்கில் பிரிந்த எழுத்து. கோப்பு கண்ணெதிரே இருக்கும், தளத்தில் படம் வராது. கொ, கோ, பொ, போ வருகிற பெயர்களுக்கு மட்டும் இந்தக் கோளாறு என்பதைக் கவனித்த பிறகுதான் நூல் கையில் சிக்கியது.

கிளவுடில் இதே கோளாறு ஆளை இன்னும் திசைதிருப்பும். பக்கெட்டில் இருப்பதைப் பட்டியலிட அனுமதியில்லாத கணக்கு, இல்லாத கீயைக் கேட்டால் எஸ்3 'அப்படி ஒன்று இல்லை' என்று 404 தராது. 'அனுமதி மறுப்பு' என்று 403 தரும். எது இருக்கிறது, எது இல்லை என்பதை வெளியாருக்குக் காட்டிக்கொடுக்காமலிருக்க அந்த ஏற்பாடு. இது தெரியாதவர்கள் அனுமதி அமைப்புகளையே புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். 403 வந்தால் நான் முதலில் பெயரின் பைட்டுகளை வரிசையாக அச்சிட்டுப் பார்ப்பேன்.

முடிவில் இப்படிச் செய்தோம். படத்தின் கீ என்பது யாரும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட சீரற்ற எழுத்துச் சரம். பதிவு எண், ஊர், சாதி, பெயர் எதுவும் அதில் இல்லை. ஏற்றியவர் வைத்த பெயர் டேட்டாபேஸில் ஒரு பத்தியில், எழுத்துக் குறிகளைச் சேர்த்து ஒரே விதமாக்கி இருக்கும். படத்தை மாற்றினால் பழைய கீயின் மேல் எழுதக் கூடாது, புதிய கீ. ஒரு கீக்குப் பின்னால் காலத்துக்கும் ஒரே படம்தான் என்றால், பழைய படம் ஏன் தெரிகிறது என்ற குழப்பத்தில் பாதி வராமலே போகும்.

டேட்டாபேஸில் முழு முகவரியை எழுதாமல் கீயை மட்டும் எழுதுவது இன்னொரு விதி. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2017-இல் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், தன்னிடம் உள்ள படங்களை வேறு தளங்களில் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் கட்ட வேண்டும் என்று விதியை மாற்றியது. அதன் முகவரியைத் தங்கள் பக்கங்களில் எழுதி வைத்திருந்த எண்ணற்றவர்களின் பக்கங்களில் படம் இருந்த இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை வந்து நின்றது. மூலப்படம் கையில் இருந்தவர்களும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. சேவை நிறுவனத்தின் பெயர் நம் டேட்டாபேஸுக்குள் வரக் கூடாது. தளத்துக்கே ஒரு துணை டொமைன் வைத்து, அதன் பின்னால் எந்த நிறுவனம் என்பதை அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியாக வைத்தால், நிறுவனத்தை மாற்றும்போது அந்த வரி மட்டும் மாறும். வேர்ட்பிரஸ் கட்டுரைக்குள் படத்தின் முழு முகவரியையே எழுதும் என்பதால் பத்திரிகைத் தளங்களில் இது சிரமம். அங்கே டேட்டாபேஸில் நேரடியாகத் தேடி மாற்றினால் நீளத்தோடு சேர்த்துச் சேமித்த அமைப்புகள் உடைந்துவிடும். அதற்கென்றே உள்ள கட்டளைக் கருவியால்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் புதிதாக ஏறும் படங்களை கிளவுடுக்குத் திருப்பிவிட வேண்டும். பிறகு பழையவற்றை நிதானமாக நகலெடுக்கலாம். இடைக்காலத்தில் தளம் ஒரு படத்தை கிளவுடில் தேடும், இல்லையென்றால் பழைய டிஸ்க்கில் தேடும், அங்கும் இல்லையென்றால் பதிவேட்டில் குறித்து வைக்கும். நகலெடுக்க ஆர்குளோன் என்ற இலவசக் கருவியையே பயன்படுத்தினேன். எண்ணிக்கை ஒத்துப்போனால் போதாது. ஒவ்வொரு கோப்பின் எம்டி5 கைரேகையையும் இருபுறமும் ஒப்பிட வேண்டும். ஒரே வீச்சில் ஏற்றிய கோப்புக்கு, கேஎம்எஸ் சாவியால் பூட்டாதிருந்தால், எஸ்3 காட்டும் ஈடேக் அந்த எம்டி5-தான். பகுதி பகுதியாக ஏற்றிய பெரிய கோப்பில் அது பொருந்தாது, கடைசியில் ஒரு கோடும் எண்ணும் ஒட்டியிருக்கும். வரன் படங்கள் சின்னவை என்பதால் ஒரே வீச்சிலேயே ஏற்றினோம், ஒப்பிடுவது எளிதாயிற்று. எல்லாம் பொருந்திய பிறகும் பழைய டிஸ்க்கைச் சில மாதம் தொடவில்லை.

புதிதாக ஏறும் படம் சர்வர் வழியே போக வேண்டியதில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு சர்வர் கையொப்பமிட்ட ஒரு அனுமதிச் சீட்டை பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் நேரே பக்கெட்டில் இறக்கிவிடும். சென்னிமலைப் பக்கத்தில் சிக்னல் குறைந்த வீட்டிலிருந்து யாரோ மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தாலும் சர்வர் அதற்காகக் காத்துக் கிடக்காது.

ஆனால் இறங்கிய படத்தை அப்படியே யாருக்கும் காட்டக் கூடாது. போனில் எடுத்த படத்துக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கும். எந்த போன், எந்த நேரம் என்பதோடு, இருப்பிடம் பதியும்படி விட்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் இருக்கும். பெண் பார்க்கும் படம் பெரும்பாலும் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ எடுத்தது. அந்த எண்களை மேப்பில் போட்டால் வீடு வந்துவிடும். மையத்தில் தொலைபேசி எண்ணைக்கூட இரு வீட்டாரும் சம்மதித்த பிறகுதான் தருவார்கள். படத்துக்குள்ளேயே வீட்டு வாசல் இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அர்த்தமில்லை. ஆகவே குறிப்பு முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைப் பல போன்கள் படுத்த வாக்கில் சேமித்து, 'காட்டும்போது திருப்பிக் காட்டு' என்று ஒரு எண்ணை, பெரும்பாலும் 6, அதே எக்ஸிஃபில் எழுதியிருக்கும். எண்ணைப் படித்துப் படத்தை உண்மையாகவே திருப்பிய பிறகு குறிப்பைக் கழற்ற வேண்டும். முதலில் கழற்றிவிட்டால் மாப்பிள்ளை பக்கவாட்டில் படுத்திருப்பார், திருப்பச் சொல்லும் எண்ணும் போயிருக்கும்.

2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் ஹெய்க் என்ற வடிவில் படத்தைச் சேமிக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் மகன் அந்த வடிவிலேயே அனுப்பியதை இங்கே அப்பா ஏற்றினால் பல பிரவுசர்களில் திறக்காது. ஜேபெக்காக மாற்றிக்கொள்கிறோம். மூலப்படத்தைத் தனி பக்கெட்டில், தளத்தின் பக்கங்கள் எட்ட முடியாதபடி வைத்திருக்கிறோம். நாளை வேறு அளவு, வேறு வடிவம் தேவைப்பட்டால் அதிலிருந்து மறுபடி செய்துகொள்ளலாம். உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் காட்டும் மங்கலான படமும் தனிக் கோப்பு. தெளிவான படத்தை அனுப்பிவிட்டு பிரவுசரில் மங்கலாக்குவது மறைத்ததாகவே ஆகாது. பக்கத்தின் மூலத்தைத் திறக்கத் தெரிந்த எவரும் படத்தை எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு பக்கெட்டும் பொதுவுக்கு மூடியவை. 2023 ஏப்ரலில் இருந்து எஸ்3-இல் புதிய பக்கெட் திறந்தாலே பொது அணுகல் அடைத்துத்தான் வருகிறது. அதற்கு முன் திறந்தவற்றை நாமே பார்த்து அடைக்க வேண்டும். லாகின் செய்தவருக்குப் படம் காட்ட, சர்வர் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லும் கையொப்ப முகவரி ஒன்றைத் தரும். அதிகபட்சம் 7 நாள் வரை கொடுக்கலாம். நாங்கள் இரண்டு மணி நேரம் வைத்தோம். இதில் ஒரு சிக்கல். கையொப்பத்தில் நேரம் கலந்திருப்பதால் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முகவரி மாறும். பிரவுசர் புதுப் படம் என்று நினைத்து மறுபடி இறக்கும். உறுப்பினரின் டேட்டாவும் போகும், எங்கள் பில்லும் ஏறும். கையொப்பமிடும் நேரத்தை அந்தந்த மணியின் தொடக்கத்துக்கு இறக்கி வைத்தோம். 10 மணி 5 நிமிடத்தில் கேட்டாலும் 10:50-க்குக் கேட்டாலும் கையொப்பத்தில் 10 மணி. ஒரு மணி நேரத்துக்கு முகவரி மாறாது, பிரவுசரின் கேஷ் வேலை செய்யும்.

பில்லில் கவனிக்க வேண்டியது வெளியே போகும் டேட்டாவை. மும்பையில் நான் கணக்குப் போட்டபோது ஒரு ஜிபியை மாதம் வைத்திருக்க இரண்டரை சென்ட். அதே ஒரு ஜிபி இணையத்துக்கு வெளியேற ஏறத்தாழ 11 சென்ட். மாதம் முதல் 100 ஜிபி வெளியேறுவது 2021 டிசம்பரிலிருந்து இலவசம், சின்னத் தளத்துக்கு அது பெரிய ஆறுதல். கிளவுட்ஃப்ளேர் 2022-இல் முழுமையாகத் திறந்த ஆர்2 சேவையில் வெளியேறும் டேட்டாவுக்குக் கட்டணமே கிடையாது. ஜவுளிக் கடைகளுக்கு, எல்லோரும் பார்க்கும் சேலைப் படங்களுக்கு, அதையே சொல்கிறேன்.

விலையைவிட முக்கியம் கணக்கு யார் பெயரில் என்பது. நிரல் எழுதுபவரின் மெயிலிலும் கார்டிலும் கணக்குத் திறப்பது இங்கே சாதாரணம். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் படங்களுக்கு வாரிசு இல்லை. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கழிப்பு விதி நடைமுறைக்கு வந்தபோது மாதாமாதம் கார்டில் கழிந்துகொண்டிருந்த பல வெளிநாட்டுச் சேவைகளுக்குப் பணம் போகாமல் நின்றது. எச்சரிக்கை மெயில் வரும். யாரும் திறந்து பார்க்காத மெயில்பெட்டிக்கு வந்தால் என்ன பயன்? கணக்கை மையத்தின் பெயரிலேயே திறந்தோம். முதன்மைப் பாஸ்வேர்டு பெரியவரிடம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அவர் மருமகளின் போனில். எனக்குப் படங்களை ஏற்றவும் எடுக்கவும் மட்டுமான துணைக் கணக்கு. "நீங்களே வெச்சுக்குங்க தம்பி, எங்களுக்கென்ன தெரியும்" என்று முதலில் தயங்கினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எஸ்3-இல் ஒரு கோப்பு ஓராண்டு பிழைத்திருக்கும் உறுதியை 99.999999999 சதவீதம் என்ற வடிவமைப்பு இலக்காகச் சொல்கிறார்கள். அது டிஸ்க் பழுதாவதற்கு எதிரான உறுதி. தவறான கட்டளை, திருடுபோன பாஸ்வேர்டு, கட்டாத பில் எதற்கும் எதிரானதல்ல. கிடைக்காமல் போவதும் வேறு. 2017 பிப்ரவரி 28 அன்று, பில்லிங் அமைப்பில் ஒரு கோளாறைத் தேடிக்கொண்டிருந்த அமேசான் ஊழியர் தட்டிய கட்டளையில் ஒரு உள்ளீடு பிசகி, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நீங்கி, வடக்கு விர்ஜீனியா எஸ்3 ஏறத்தாழ நான்கு மணி நேரம் முடங்கியது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்தே போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே இன்னொரு நிறுவனத்தில் இரண்டாம் நகல். பெரியவருக்கு அதுவும் போதவில்லை. "என்ற கையில ஒண்ணு இருக்கோணும்" என்றார். கேட்டது நியாயம். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை, பூட்டுச்சொல் இட்டு, மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எழுதி அவர் பீரோவில் வைக்கிறோம்.

இத்தனை இடங்களில் படம் இருக்கிறது என்பதே அடுத்த பிரச்சினைக்கு வாசல்.

திருமணத் தகவல் மையத்துக்கு அடிக்கடி வரும் போன் ஒன்று உண்டு: கல்யாணம் முடிந்துவிட்டது, போட்டோவை எடுத்துடுங்க. பழைய தளத்தில் 'நீக்கு' பட்டனை அழுத்தினால் டேட்டாபேஸில் ஒரு குறி மாறும், விவரம் பட்டியலில் வராது. படம் டிஸ்க்கிலேயே கிடக்கும், பழைய முகவரியில் திறக்கும். மாற்றும் வேலையின்போது டேட்டாபேஸில் உள்ள படங்களையும் டிஸ்க்கில் உள்ள கோப்புகளையும் ஒப்பிட்டதில், எந்த விவரத்தோடும் சேராத படங்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் எப்போதோ கல்யாணமாகிப் போனவர்களின் முகங்கள். கிளவுடில் இடம் மலிவு, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். நாங்கள் ஒன்றைக்கூட மாற்றவில்லை. எடுத்துவிடச் சொன்ன படம் புதிய இடத்துக்கு வரவே கூடாது.

கிளவுடில் நீக்குவதும் ஒரே அழுத்தில் முடியாது. தவறுதலாக அழிப்பதிலிருந்து காக்க வெர்ஷனிங் வைத்திருந்தோம். அது இருந்தால் சாதாரணமாக நீக்கும்போது படத்தின் மேல் 'நீக்கப்பட்டது' என்ற குறி மட்டும் விழும். அடியில் படம் இருக்கும், காசும் கணக்காகும். முந்தைய பதிப்புகள் 30 நாளில் தானே போகும்படி விதி போட்டோம். குடும்பம் கேட்டு நீக்கும் படங்களுக்கு அந்த 30 நாளும் கிடையாது. ஒவ்வொரு பதிப்பின் அடையாள எண்ணையும் குறிப்பிட்டு உடனே அழிக்கிறோம். சின்னது, நடுத்தரம், மங்கல், மூலம் எல்லாவற்றையும். சேலைப் படங்களுக்குக் கேஷில் ஓராண்டு, அதாவது 31536000 வினாடி, வைத்துக்கொள் என்று தலைப்புக் குறிப்பு அனுப்புவது நல்ல வழக்கம். வரன் படத்துக்கு அது கூடாது. நடுவில் உள்ள விநியோக சர்வர்களில் நகல் தங்கிவிட்டால், நாம் அழித்த பிறகும் படம் ஊரெல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். அதனால் படத்தைப் பார்ப்பவரின் பிரவுசரில் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும். பழைய பொது முகவரிகளில் கூகுள் எடுத்துவைத்திருந்தவற்றுக்கு, காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கேட்கும் படிவத்தை நிரப்பி ஒவ்வொன்றாக எடுத்தோம்.

பேக்கப்பில் ஒரு பொறி உண்டு. இன்று நீக்கிய படம் போன மாத நகலில் இருக்கும். நாளை ஏதோ பழுதாகி அந்த நகலிலிருந்து மீட்டால் நீக்கியவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். இதற்காக நீக்கல் பதிவேடு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். பெயரோ முகமோ அதில் இல்லை. கீயும் நீக்கிய நேரமும் மட்டும். எதை மீட்டாலும் தளத்தைத் திறப்பதற்கு முன் அந்தப் பதிவேட்டை மறுபடி ஓட்டி, அதிலுள்ளவற்றை அழிக்க வேண்டும். மீட்டுப் பார்க்கும் ஒத்திகையில் இதையும் சேர்த்தே சோதிக்கிறோம். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை வகுத்துள்ளது. சட்டம் வருவதற்கு முன்பும் கேட்டவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள்தான்.

இப்போது நீக்கல் போன் வந்தால் பெரியவரே திரையைத் திறந்து, பதிவு எண்ணைத் தட்டி, பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு வாங்கி அழுத்துகிறார். தளத்தில் எடுத்தாயிற்று, மூலம் எடுத்தாயிற்று, இரண்டாம் நிறுவனத்தில் எடுத்தாயிற்று என்று ஒவ்வொன்றாக நேரத்தோடு வரும். நான்காவது வரியில் பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் அந்தப் படம் இல்லாமல் போகும் தேதி இருக்கும். அந்த வரியை விட்டுவிடலாமா, கேட்பவர்கள் பயந்துகொள்வார்களே என்று மருமகள் ஒருமுறை கேட்டார். பெரியவர் சம்மதிக்கவில்லை. "எங்ககிட்ட இன்னொரு காப்பி இருக்குதுங்க, அது இந்தத் தேதிக்குள்ள போயிரும்" என்று அதையும் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்கிறார்.